ஒரு உறையில் இரண்டு கத்தி: ஆன்டிவைரஸ் கேள்வி பதில்

கே: சார், லேப்டாப்பில் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருக்கிறது. கூடுதல் பாதுகாப்புக்கு இலவசமாக இன்னொன்றும் போட்டேன். அன்றிலிருந்து வேர்டு ஃபைல் திறக்கவே அரை நிமிடம் ஆகிறது. ஏன்?

ப: ஒரு ஃபைலைத் திறக்கச் சொன்னால் அந்தக் கோரிக்கை நேராக டிஸ்க்குக்குப் போவதில்லை. வழியில், விண்டோஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே, ஆன்டிவைரஸின் ஃபில்டர் டிரைவர் என்ற காவல் நிரல் உட்கார்ந்திருக்கும். ஃபைலை வாங்கிப் பார்த்து, சரியென்றால்தான் விடும். இரண்டு ஆன்டிவைரஸ் என்றால் இரண்டு டிரைவர். முதலாவது சோதிப்பதற்காக ஃபைலைத் திறந்தால், 'யாரோ ஃபைல் திறக்கிறார்களே' என்று இரண்டாவது அதையும் மடக்கிச் சோதிக்கலாம். சில சமயம் இது முடியட்டும் என்று அதுவும், அது முடியட்டும் என்று இதுவும் காத்து நிற்கும். மவுஸ் மட்டும் அசையும், வேறெதுவும் அசையாது. கெர்னலுக்குள் நடக்கிற சண்டை என்பதால் முற்றினால் விண்டோஸே விழுந்து நீலத் திரைதான். போதாக்குறைக்கு, ஒன்று பூட்டி வைத்த வைரஸை இன்னொன்று 'கண்டுபிடித்து' அலறுவதும் உண்டு.

கண்ணால் பார்க்க வேண்டுமா? கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து 'எஃப்எல்டிஎம்சி' (fltmc) என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். வரும் பட்டியலில் 320000 முதல் 329999 வரையிலான எண்கள் ஆன்டிவைரஸுக்கென்றே மைக்ரோசாஃப்ட் ஒதுக்கியவை. 328010 விண்டோஸோடு கூடவே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருடையது. அதைத் தவிர இரண்டு கம்பெனிகள் அந்த வரிசையில் நின்றால் ஒன்றை அனுப்பிவிடுங்கள்.

கே: டிஃபெண்டர் ஏற்கெனவே இருக்கிறதே, வேறொன்று போட்டால் அதுவே இரண்டு ஆகிவிடாதா?

ப: ஆகாது. விண்டோஸ் 10, 11-இல் புது ஆன்டிவைரஸ் விண்டோஸின் செக்யூரிட்டி சென்டரில் பதிவு செய்துகொண்டதும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும். புதியதை நீக்கினால் டிஃபெண்டர் திரும்பி வரும். சர்வர் விண்டோஸில் இந்த மரியாதை கிடையாது, கையால்தான் நிறுத்த வேண்டும்.

கே: மால்வேர்பைட்ஸ் என்ற வைரஸ் ஸ்கேனரின் இலவசப் பதிப்பைக் கூடவே வைத்துக்கொள்ளலாமா?

ப: வைக்கலாம். நீங்கள் ஸ்கேன் கொடுத்தால்தான் அது வேலை செய்யும், வாசலில் உட்காராது.

கே: பழைய ஆன்டிவைரஸின் ஃபோல்டரை டெலீட் செய்துவிட்டேன். புதியது இன்ஸ்டால் ஆக மறுக்கிறது.

ப: ஐயோ. ஃபோல்டர் போனாலும் டிரைவரும், விண்டோஸின் அமைப்புக் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் உள்ள பதிவும் போகாதே. பெரும்பாலான கம்பெனிகள் இதற்கென்றே ரிமூவல் டூல் தருகின்றன. சிலவற்றை சேஃப் மோடில் ஓட்ட வேண்டியிருக்கும். டூலைக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள். தேடலில் முதலில் நிற்கிற விளம்பரத்தை அழுத்தாதீர்கள்.

கே: ஐந்து வருடமாக இரண்டு வைத்திருக்கிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை. ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். சும்மா பயமுறுத்தாதீர்கள்.

ப: இரண்டிலும் ரியல்-டைம் பாதுகாப்பு, அதாவது எந்நேரமும் காவல், ஓடுகிறதா என்று பார்த்தீர்களா? பல நேரம் ஒன்று அணைந்து கிடக்கும், ஐகான் மட்டும் பச்சையாகச் சிரிக்கும்.

கே: (அவரே) பார்த்தேன், இரண்டும் ஓடுகின்றன. இரண்டு வைப்பது தப்பென்றால், ஃபைலை ஏற்றிச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளம் எழுபது ஆன்டிவைரஸ் என்ஜினை எப்படி வைத்திருக்கிறது?

ப: நல்ல கேள்வி, இன்றைக்கு வந்ததிலேயே. ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே, ஏற்றி வைத்த ஒரு ஃபைலை ஒவ்வொரு என்ஜினும் தனித்தனியாகப் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறது. உங்கள் கெர்னலில் வழிமறித்து நிற்கவில்லை. ஜி டேட்டா என்ற ஆன்டிவைரஸ் கம்பெனி தன் ஒரே தயாரிப்புக்குள் இரண்டு என்ஜின் வைத்திருக்கிறது. ஒரே கம்பெனி இரண்டையும் ஒன்றாக இணைத்துக் கட்டியது என்பதால் அவை மோதிக்கொள்வதில்லை. சந்தேகப்படும் ஃபைலுக்கு நீங்களும் வைரஸ்டோட்டலைப் பயன்படுத்துங்கள். ஆனால் சொத்துப் பத்திரம், சம்பளப் பட்டியல் எல்லாம் ஏற்றாதீர்கள். ஏற்றியதைக் காசு கட்டும் வாடிக்கையாளர்கள் இறக்கிப் பார்க்க முடியும்.

இன்னொன்று: பிடிப்பது கூடினால் தவறாகப் பிடிப்பதும் கூடும். 2010 ஏப்ரல் 21-இல் வந்த ஒரு மெக்காஃபி ஆன்டிவைரஸ் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த ஃபைலான எஸ்விசிஹோஸ்ட்டையே வைரஸ் என்று பிடித்தது. உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. ஒன்றுக்கே அந்தக் கதி.

கே: இரண்டு ஆன்டிவைரஸ் போடலாமா?

ப: மேலே படியுங்கள்.

கே: அண்ணா, மூன்று?

ப: தம்பி, மேலே.

கே: கிராக் செய்த ஆன்டிவைரஸ் ஒன்றும், ஒரிஜினல் ஒன்றும்...

ப: கிராக்கை எடுங்கள். திருடனிடமே பூட்டு வாங்கியிருக்கிறீர்கள். ரிமூவல் டூலைக் கம்பெனித் தளத்தில் எடுங்கள். விளம்பரம் வேண்டாம், இரண்டாம் முறை சொல்கிறேன்.

கே: (ஐந்து வருடக்காரர்) சரி, ஒன்றை எடுத்துவிட்டேன். லேப்டாப் வேகமாகிவிட்டது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

ப: சொல்ல வேண்டாம். ரீஸ்டார்ட் செய்தீர்களா?