பிட்டினோவும் அந்தக் கதவும் – கடிதம்

வணக்கம் சார்,

வேலை மாறி லெக்சிங்டன் வந்து மூன்று வருடம் ஆகிறது. இங்கே கென்டக்கியில் கூடைப்பந்து பேசாமல் மதியச் சாப்பாடு முடியாது. எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். கென்டக்கி கல்லூரி அணிக்கு முன்பு கோச்சாக இருந்த ரிக் பிட்டினோ என்று சொன்னால் போதும், முதலில் "1996" என்பார், அடுத்த மூச்சில் "துரோகி" என்பார். பின்னாளில் பிட்டினோ பரம எதிரியான லூயிவில் கல்லூரிக்கு கோச்சாகப் போனதை அவரால் மன்னிக்க முடியவில்லை.

என் கேள்வி வேறு. கென்டக்கியில் எட்டு வருடத்தில் மூன்று முறை ஃபைனல் ஃபோர் (தேசியப் போட்டியின் கடைசி நாலு அணி), 1996இல் ஒரு முறை சாம்பியன். அங்கிருந்து தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் ஆடும் பாஸ்டன் செல்டிக்ஸுக்குப் போனார். 102 வெற்றி, 146 தோல்வி, நாலாவது சீசன் பாதியிலேயே ராஜினாமா. அதே பந்து, அதே பத்தடி உயர வளையம், அதே ஆள். அப்புறம் எங்கே தப்பு? "கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறவன் கோச் பேச்சைக் கேட்க மாட்டான்" என்கிறார் பெரியவர். அவ்வளவுதானா? அந்தக் காலத்தில் பாஸ்டனில் இருந்ததாக நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

உங்கள் வாசகன்,
லெக்சிங்டன்

*

அன்புள்ள நண்பருக்கு,

பெரியவர் சொல்வது பாதி சரி. லூயிவில் காயம் ஆறியிருந்தால் மீதிப் பாதியையும் அவரே சொல்லியிருப்பார்.

1999 குளிர்காலத்தில் நான் பாஸ்டனில் இருந்தேன். ஒய்டூகே (2000ஆம் வருடக் கம்ப்யூட்டர் கோளாறு) வேலைக்கென்று அனுப்பப்பட்ட கூட்டத்தில் நானும் ஒருவன். செல்டிக்ஸ் தோற்றுக்கொண்டிருந்ததால் மலிவு டிக்கெட் சுலபமாகக் கிடைத்தது. அவர்கள் ஆடும் ஃப்ளீட்சென்டர் அரங்கின் உச்சி வரிசையில் உட்கார்ந்தால், கூரையிலிருந்து தொங்கும் பதினாறு சாம்பியன் கொடிகளும் கண்ணுக்கு நேரே இருக்கும். ஆட்டத்தைத்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

பிட்டினோ உட்காரவே மாட்டார். நல்ல சூட் போட்டுக்கொண்டு கோட்டோரமாக நின்று கையைச் சுழற்றுவார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர், பந்து வைத்திருப்பவனை மூலையில் மடக்க ஓடுவார்கள். கென்டக்கியில் அவருக்குப் பேர் வாங்கித் தந்த ஃபுல் கோர்ட் பிரஸ், அதாவது மைதானம் முழுக்க எதிராளியை நெருக்கும் ஆட்டம், அதுதான். பந்தைக் கொண்டுவரும் எதிரணி கார்டுக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். ஒருமுறை முதுகைக் காட்டித் திரும்புவார், நடுக்கோட்டில் நிற்கும் நெட்டைக்குப் பந்தைத் தூக்கிப் போடுவார். அங்கிருந்து இரண்டு பேருக்கு எதிராக மூன்று பேர், சுலபமான கூடை. பஸ்ஸில் சில்லறை எடுத்துக் கொடுப்பவர் முகத்தில் இருக்கும் அவசரம்கூட அந்த கார்டு முகத்தில் இருக்காது. டைம் அவுட்டில் பிட்டினோ பலகையில் வேகவேகமாகக் கோடு போடுவார். சுற்றி நின்றவர்களில் ஒருவர் அண்ணாந்து, பெரிய திரையில் யாரோ ஒரு ரசிகர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதைப் பார்த்துவிட்டு "காலேஜ் பிரஸ் என்.பி.ஏ.வில் செல்லாது" என்று எல்லோரையும் போல நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பின்னால்தான் உறைத்தது. இதே மனிதர் 1987 முதல் 1989 வரை நியூயார்க் நிக்ஸுக்கு கோச்சாக இருந்தார். அங்கேயும் இதே பிரஸ்தான். அவர் வருவதற்கு முந்தைய வருடம் 24 ஆட்டம் ஜெயித்திருந்த அணி, அவருடைய இரண்டாவது வருடத்தில் 52 ஜெயித்தது. ஆக, பிரஸ் மேல் மட்டும் பழி போட முடியாது. சம்பளம் வாங்குகிறவன் கேட்க மாட்டான் என்பதும் முழுசாக நிற்காது, நிக்ஸ் வீரர்களும் சம்பளத்துக்குத்தானே ஆடினார்கள்?

நிக்ஸில் ஆளை எடுப்பதும் விற்பதும் வேறொருவர் கையில் இருந்தது. பாஸ்டனில் அவரே கோச், அவரே தலைவர். பத்து வருடம், 70 மில்லியன் டாலர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. தலைவர் பட்டத்தைக் கொடுப்பதற்காக, செல்டிக்ஸ் என்றாலே நினைவுக்கு வரும் ரெட் அவர்பாக்கையே அந்த நாற்காலியிலிருந்து நகர்த்தினார்கள். எனக்கு விஷயம் இங்கேதான் இருக்கிறது என்று படுகிறது.

கல்லூரி கோச் என்றால் நமக்கு விசிலும் பலகையும்தான் ஞாபகம் வரும். ஆனால் அவர் வேலையில் பாதி, பதினேழு வயதுப் பையன் வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து அவன் அம்மாவிடம் பேசுவது. அதில் ஜெயிப்பவன் மேலும் ஜெயிப்பான். சாம்பியன் ஆன கல்லூரிக்கு நாட்டிலேயே நல்ல பையன்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். 1996 கென்டக்கி அணியில் இருந்தவர்களில் ஒன்பது பேர் பின்னால் என்.பி.ஏ.வில் ஆடினார்கள். ஐந்து பேர் ஓடிக் களைத்தால் அதே தரத்தில் அடுத்த ஆட்கள் பெஞ்சிலிருந்து எழுந்து வருவார்கள். எதிரே பத்தொன்பது வயதுப் பிள்ளைகள், வாரத்துக்கு இரண்டு ஆட்டம், ஆட்டத்துக்கு 40 நிமிடம். பிரஸ் வேலை செய்யாமல் என்ன செய்யும்?

என்.பி.ஏ. அப்படியே தலைகீழ். அங்கே தோற்றவனுக்குத்தான் நல்ல பையன். புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் மோசமான அணிகளுக்கு முன்னுரிமை, அந்த வரிசைக்கும் லாட்டரி. சம்பளத்துக்கு உச்சவரம்பு. ஒரே இடத்தில் ஒன்பது பேர் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதிய விதிகள் அவை. வருடத்துக்கு 82 ஆட்டம், ஒவ்வொன்றும் 48 நிமிடம். இன்று பாஸ்டன், நாளை மறுநாள் வேறு ஊர், நடுவில் விமானம். முழுப் பயிற்சிக்கு நாள் கிடைப்பதே அபூர்வம். மேட்ச் அன்று காலையில் ஷூட்அரவுண்ட் என்று ஒரு மணி நேரம் நடந்து பழகுவதோடு சரி. யு.சி.எல்.ஏ. கல்லூரியின் பழம்பெரும் கோச் ஜான் வுடன் முதல் நாள் பயிற்சியில் பையன்களுக்கு சாக்ஸை மடிப்பு விழாமல் போடக் கற்றுக்கொடுப்பார் என்பார்கள். அதற்கெல்லாம் நேரமும் பொறுமையும் கல்லூரியில்தான் உண்டு.

பிட்டினோ பாஸ்டனுக்கு வந்ததே லாட்டரியை நம்பித்தான். 1996–97இல் செல்டிக்ஸ் 15 ஆட்டம்தான் ஜெயித்திருந்தது. டல்லஸ் அணியிடமிருந்து வந்த இன்னொரு டிராஃப்ட் இடமும் கையில் இருந்தது. அந்த வருடம் எல்லோரும் குறி வைத்த டிம் டங்கன் கிடைக்க மூன்றில் ஒன்றுக்குச் சற்று அதிகமான வாய்ப்பு. கிடைத்ததோ மூன்றாவது இடமும் ஆறாவது இடமும். டங்கன் சான் அன்டோனியோ போய் ஐந்து பட்டம் வாங்கிக் கொடுத்தார். சரி, அது விதி. அதற்கப்புறம் நடந்ததற்கு விதியைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது இடத்தில் சான்ஸி பில்லப்ஸை எடுத்தார். முதல் சீசன் முடிவதற்குள் டொராண்டோவுக்குத் தள்ளிவிட்டார். அதே பில்லப்ஸ் 2004இல் டெட்ராய்டுக்காக இறுதிச்சுற்றின் சிறந்த வீரர். ஆறாவது இடத்தில் ரான் மெர்சர், கென்டக்கிப் பையன். பிறகு வால்டர் மக்கார்ட்டியை வாங்கினார், அவரும் கென்டக்கி. ஏற்கெனவே அணியில் இருந்த ஆன்டுவான் வாக்கரும் 1996 கென்டக்கி ஆள்தான். ஊர் விட்டு ஊர் போய் பழைய வீட்டையே திரும்பக் கட்டப் பார்த்த மாதிரி.

பெரியவரின் பாதி உண்மை வாக்கர் விஷயத்தில் இருக்கிறது. கென்டக்கியில் வாக்கருக்கு பிட்டினோ போடுவதுதான் சோறு. மூச்சுத் திணறத் திணற ஓடவிட்டாலும் ஓட வேண்டும், இல்லையென்றால் பெஞ்ச். 1999இல் அதே வாக்கருக்கு, தலைவர் என்ற முறையில் பிட்டினோவே ஆறு வருடம், 71 மில்லியன் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். ஒரு வருடக் கணக்கில் கோச்சைவிட ஏறக்குறைய எழுபது சதவீதம் அதிகம். அதற்குப் பிறகு பெஞ்சில் உட்கார வைப்பேன் என்ற மிரட்டலுக்கு என்ன மதிப்பு?

2000 மார்ச் முதல் தேதி, டொராண்டோவின் வின்ஸ் கார்ட்டர் கடைசி நொடியில் போட்ட கூடையில் தோற்றார்கள். பத்திரிகையாளர் சந்திப்பில் பிட்டினோ வெடித்தார். லாரி பேர்ட் அந்தக் கதவு வழியாக வரப்போவதில்லை, மெக்ஹேல் வரப்போவதில்லை, பாரிஷ் வரப்போவதில்லை, வந்தாலும் நரைத்துக் கிழவர்களாகத்தான் வருவார்கள் என்றார். மூன்று பேரும் செல்டிக்ஸின் பழைய ஜாம்பவான்கள். மறுநாள் எங்கள் அலுவலக கேன்டீனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது யோசித்தால் பாவமாக இருக்கிறது. எட்டு வருடமாக ஒவ்வொரு கோடையிலும் ஒரு கதவு திறந்து, புதுப் பையன்கள் உள்ளே வந்துகொண்டிருந்த இடத்திலிருந்து வந்தவர் அவர்.

அவர் மட்டும் இல்லை. 1996இல் கல்லூரியிலிருந்து என்.பி.ஏ.வின் நெட்ஸ் அணிக்குப் போன கோச் ஜான் காலிபாரிக்கும் ஆள் எடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்திருந்தார்கள். டிராஃப்டில் எட்டாவது இடம், கோபி பிரயன்ட் இன்னும் மிச்சம் இருக்கிறார், அவர்கள் எடுத்தது கெர்ரி கிட்டில்ஸை. மூன்றாவது சீசனில் 3 வெற்றி 17 தோல்வி என்று நிற்கும்போது அனுப்பிவிட்டார்கள். லாஸ் வேகஸ் கல்லூரியில் ராஜாவாக இருந்த கோச் ஜெரி டார்க்கேனியன் சான் அன்டோனியோவில் தாக்குப்பிடித்தது 20 ஆட்டம்.

தேறியவர் பிராட் ஸ்டீவன்ஸ். பட்லர் என்ற சின்னக் கல்லூரியை அடுத்தடுத்து இரண்டு வருடம் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனவர். அங்கே ஆறு வருடத்தில் மொத்தமே 49 தோல்வி. 2013இல் செல்டிக்ஸுக்கு வந்த முதல் வருடத்திலேயே 57 தோல்வி. கத்தவில்லை, பதறவில்லை. டைம் அவுட் முடிந்து வரும் முதல் ஆட்டத்தை அவர் வரைந்து கொடுப்பதைப் பார்ப்பதற்கென்றே நான் டிவி போட்டிருக்கிறேன். ஆட்களை எடுப்பது நிர்வாகி டேனி ஏஞ்ச் பாடு, இருப்பவர்களை வைத்து ஆடுவது இவர் பாடு. மூன்று முறை கிழக்குப் பகுதி இறுதிச்சுற்றுக்குப் போனார். 2021இல் கோச் வேலையை விட்டுவிட்டுத்தான் ஏஞ்ச் நாற்காலியில் உட்கார்ந்தார், 2024இல் பட்டமும் வந்தது. இரண்டு வேலையையும் அவர் செய்திருக்கிறார், ஒரே நேரத்தில் செய்யவில்லை.

உங்கள் பெரியவரிடம் இன்னொன்று சொல்லுங்கள். கல்லூரிப் பையன் காசு வாங்கக் கூடாது என்ற காலம் போய்விட்டது. 2021 ஜூலையிலிருந்து அவர்கள் தங்கள் பெயரை வைத்துக் காசு பார்க்கலாம், 2025இலிருந்து கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம். முன்பு கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் இருக்க வேண்டும், இப்போது அதுவும் இல்லை. வர்ஜீனியா கல்லூரி கோச் டோனி பென்னட் 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரம் இருக்கும்போது, இந்தச் சூழலுக்கு நான் சரியான ஆள் இல்லை என்று சொல்லி விலகிவிட்டார்.

பிட்டினோ விலகவில்லை. எழுபது வயது தாண்டி, நியூயார்க்கில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில், இந்தப் புதுச் சந்தையில் ஆள் வாங்கி ஜெயித்துக்கொண்டிருக்கிறார். 2025 மார்ச்சில் தேசியப் போட்டியின் இரண்டாம் சுற்றில் அவருக்கு எதிரே யார் தெரியுமா? அர்கன்சாஸ் கோச்சாக வந்த காலிபாரி. செயின்ட் ஜான்ஸ் தூரத்திலிருந்து 22 முறை எறிந்து இரண்டே இரண்டு போட்டது. 75–66, தோல்வி. அந்த வருடம் தங்கள் லீக்கின் சிறந்த வீரர் என்று பெயர் வாங்கிய பையனை, ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம் பிட்டினோ பெஞ்சிலேயே வைத்திருந்தார். சில நாளில் அந்தப் பையன் என்.பி.ஏ. டிராஃப்டுக்கும் கல்லூரி மாறுவதற்கும் சேர்த்தே பெயர் கொடுத்துவிட்டான்.

அன்புடன்