முப்பது நீளம்

கேள்வி: என் மகள் 1500 மீட்டர் நீந்துகிறாள். இருபது வயதுக்குமேல் இது எதற்கு என்கிறார்கள் உறவினர்கள். என்ன பதில் சொல்வது?
– வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: தருமபுரிப் பக்கம் ஒரு கல்கட்டுக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீந்தக் கற்றவன் நான். என் அதிகபட்ச தூரம் கிணற்றின் இந்தப் படியிலிருந்து அந்தப் படி வரைதான். ஆகவே சொந்தக் கதை வேண்டாம். ரஷ்யாவின் விளாதிமிர் சால்னிகோவ் கதையைச் சொல்கிறேன்.

ஐம்பது மீட்டர் குளத்தில் 1500 மீட்டர் என்றால் முப்பது நீளம். ஒவ்வொன்றையும் சராசரியாக 30 வினாடிக்குள் முடித்தால்தான் 15 நிமிடத்துக்குள் வரலாம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் அதை முதன்முதலாகச் செய்தவர் அவர்: 14 நிமிடம் 58.27 வினாடி. அந்த ஒலிம்பிக்கில் மூன்று தங்கம். 1983இல் அந்த நேரத்தையும் குறைத்தார். மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கை சோவியத் நாடு புறக்கணித்தது. உச்சத்தில் இருந்தவர் வீட்டில் உட்கார நேர்ந்தது. (அரசியல்வாதிகளுக்குத் தண்ணீரின் அருமை எங்கே தெரிகிறது!)

வயதாகிவிட்டது என்று பலரும் ஒதுக்கிய பிறகு, மனைவி மரீனாவின் பயிற்சியில், 28 வயதில் 1988 சியோலில் அதே 1500 மீட்டரில் மறுபடி தங்கம் வென்றார். அன்றிரவு அவர் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தபோது, பல நாட்டு வீரர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பின்னாளில் ரஷ்ய நீச்சல் கூட்டமைப்பின் தலைவரானார்.

உறவினர்கள் அடுத்த முறை வரும்போது காபி கொடுத்துவிட்டு, அந்த 28 என்ற எண்ணை மட்டும் சொல்லுங்கள்.