உட்கார்ந்தே வேலை செய்வதால் வரும் முதுகுவலிக்குப் படுத்து ஓய்வெடுப்பது நல்லதா?

நெடுநேரம் படுத்தே கிடப்பது நல்லதன்று. இவ்வகை வலி பெரும்பாலும் எலும்புக் கோளாறால் வருவதில்லை. ஒரே நிலையில் இழுபட்டுக் களைத்த தசைகளும் தசைநார்களும் எழுப்பும் இந்த வலி, பலருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். ஒரு காலத்தில் மருத்துவர்களே படுக்கை ஓய்வைப் பரிந்துரைத்தார்கள் என்றாலும், அசையாமல் கிடந்தால் தசைகள் மேலும் இறுகி வலுவிழப்பதால், வலி தாங்கும் அளவுக்கு நடமாடுவதையே இன்று வலியுறுத்துகிறார்கள்.

துணி சுற்றிய வெந்நீர்ப் பையை 15 முதல் 20 நிமிடம் வைத்தால் இறுக்கம் தளரும். ஒருக்களித்துப் படுப்பவர்கள் முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துக்கொள்ளலாம்.

வலி வராமல் தடுப்பதில் விலையுயர்ந்த நாற்காலியைவிட, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடப்பதே பெரிதும் உதவும் என்பது என் கருத்து. கனமான பொருளைக் கையை நீட்டித் தூக்கினால் இடுப்பிலுள்ள 5 முள்ளெலும்புகளின்மீது விழும் அழுத்தம் பன்மடங்காகிறது. ஆகவே முழங்காலை மடக்கி, பொருளை வயிற்றோடு அணைத்துத் தூக்கி, திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதங்களை நகர்த்த வேண்டும்.

கால் வலுவிழத்தல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீரை அடக்க முடியாமை, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று வலியோடு சேர்ந்தாலும், கைவைத்தியத்தை விட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.