இரண்டு சீசன் ஒப்பந்தம், பத்து வருடக் கடன்

கேள்வி: எனக்கு வயது 31. தொழில்முறை கூடைப்பந்து வீரன். ஒப்பந்தம் இன்னும் இரண்டு சீசன் இருக்கிறது, முழங்காலில் ஒரு ஆபரேஷன் ஆகிவிட்டது. வீட்டுக்கடன் இன்னும் 10 வருடம் ஓடும். கூட ஆடும் நண்பர் ஒருவர் ஜிம் ஆரம்பிக்கிறார், என்னையும் பங்குதாரராகச் சேரச் சொல்கிறார். வங்கிக் கடனுக்கு நானும் கையெழுத்துப் போட வேண்டுமாம். சேரலாமா? ஆட்டத்தை நிறுத்திய பிறகும் இதே வசதியோடு வாழ எவ்வளவு சேர்க்க வேண்டும்?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். ஜிம் நல்ல தொழிலா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். லிமிடெட் கம்பெனியில் பங்குக்குப் பணம் போட்டால் போனது அந்தப் பணம் மட்டும்தான். கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்தால் வங்கி உங்கள் வீடு வரைக்கும் வரும், நண்பரால் கட்ட முடியாவிட்டால் அவருடைய பங்கையும் சேர்த்து உங்களிடமே கேட்கும். ஆன்டோயின் வாக்கர் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் 12 சீசன் ஆடி 10.8 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தவர், 2006-இல் மயாமி அணியோடு சாம்பியன். 2008-இல் என்பிஏ ஆட்டம் முடிந்தது, 2010-இல் திவால் மனு போட்டார். ஊதாரித்தனம் என்று எல்லோரும் பேசுவார்கள், அதுவும் இருந்தது, ஆனால் ரியல் எஸ்டேட் கடன்களுக்கு அவர் கொடுத்திருந்த சொந்த உத்தரவாதத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

அதே 12 சீசன் ஆடிய இன்னொருவர் ஜூனியர் பிரிட்ஜ்மேன், 1975 முதல் 1987 வரை. அவருடைய உச்ச சம்பளமே வருடத்துக்கு சுமார் 3.5 லட்சம் டாலர்தான். ஆடிக்கொண்டிருந்தபோதே வெண்டிஸ் உணவகத்தில் வேலை கற்றுக்கொண்டார், பின்னாளில் நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகளுக்கு உரிமையாளரானார். உங்களுக்கும் ஜிம் தொழிலில் உண்மையிலேயே ஆர்வம் என்றால், இந்த ஆஃப்-சீசனில் ஏதாவது ஒரு ஜிம்மில் போய் வேலை பாருங்கள். வாடகை, ட்ரெயினர் சம்பளம், மூன்றே மாதத்தில் நின்றுவிடும் உறுப்பினர்கள், எல்லாம் கண்ணால் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

சரி, எவ்வளவு வேண்டும்? சேர்த்து வைத்த பணத்தில் வருடத்துக்கு 4 சதவீதம் எடுத்துச் செலவு செய்யலாம் என்று ஒரு விதி உண்டு, அது சுமார் 30 வருட ஓய்வுக்காகப் போட்ட கணக்கு. நீங்கள் 33 வயதில் நிறுத்தினால் முன்னால் 50 வருடம் கிடக்கிறது. அதனால் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது வருடச் செலவைப்போல சுமார் 33 மடங்கு கையில் இருக்க வேண்டும். இப்போதைய செலவை வைத்து அதைப் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும், இரண்டு சீசனில் யாராலும் அதைச் சேர்க்க முடியாது. அதனால் முழு ஓய்வை மறந்துவிடுங்கள், அடுத்த வேலை கிடைக்கும்வரை தாங்கும் பணத்தைச் சேருங்கள்.

ஏஜென்ட் கமிஷன், வரி எல்லாம் போக மிஞ்சுவதுதான் சம்பளம். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகையைப் பார்த்துச் செலவு செய்யாதீர்கள். அந்த மிஞ்சியதில் 40 சதவீதத்தில் குடும்பம் நடத்தி 60-ஐ ஒதுக்கினால், ஆடும் ஒவ்வொரு சீசனும் ஒன்றரை வருடச் செலவைச் சேர்த்துத் தரும், இரண்டு சீசனில் மூன்று வருடம். பயிற்சியாளர் வேலையோ வர்ணனையோ, ஆரம்பத்தில் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள இந்த மூன்று வருடம் போதும். ஒதுக்கும் பணத்தை வங்கி வைப்பிலும், பங்குச்சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டிலும் போடுங்கள், வேறு புத்திசாலித்தனம் வேண்டாம்.

40 சதவீதத்துக்குள் வீட்டுத் தவணை அடங்கவில்லை என்றால் வீட்டை இப்போதே விற்கப் பாருங்கள். சம்பளம் வரும்போது நிதானமாக நல்ல விலைக்குக் காத்திருக்கலாம், நின்ற பிறகு வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். வீட்டில் மனஸ்தாபம் வரும், தெரியும்.

ஓய்வூதியத்தையும் கேட்டுப் பாருங்கள். என்பிஏவில் 3 சீசன் ஆடினாலே உரிமை வந்துவிடும், மற்ற லீக்குகள் பலவற்றில் அப்படி எதுவும் கிடையாது. அணியின் மருத்துவக் காப்பீடும் ஒப்பந்தத்தோடு நின்றுவிடும் என்றால், அதற்கு முன்பே சொந்தமாக ஒன்று எடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் முழங்கால் ஆபரேஷனை மறைக்காமல் எழுதுங்கள், க்ளெய்ம் என்று போய் நிற்கும்போது முதலில் அதைத்தான் தோண்டுவார்கள்.