வாள் எடுத்த எலி, வீடு தேடுன முயல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பையனுக்கு ஒன்பது வயசு. மிருகம் ஹீரோவா வர்ற கதைன்னா விழுந்து விழுந்து படிப்பான். இங்கிலீஷ்ல நல்லாவே படிக்கிறான். கொஞ்சம் ஃபேன்டஸி, சாகசம் இருக்குற நாவலா சொல்லுங்க. ஆனா அதுல எந்த மிருகமும் சாகக்கூடாது, போன தடவை ஒரு புக்கை முடிச்சுட்டு ரொம்ப அழுதுட்டான்.

பதில்: கடைசி கண்டிஷன்லதான் மாட்டிக்கிட்டேன். ஒரு எலியையோ முயலையோ ஹீரோ ஆக்கிட்டா சுத்தி இருக்குறதெல்லாம் அதைத் திங்க வர்ற ஜந்துவாதான் இருக்கும், அந்த பயத்தை எடுத்துட்டா அப்புறம் கதையில என்ன மிச்சம் இருக்கு சொல்லுங்க. அதனால சாவே இல்லாத புக்கைத் தேடுறதை விட, அது கதையில எங்க வருது, பையன் ரொம்ப ஒட்டிக்கிட்ட ஆளுக்கு வருதான்னு பாக்குறது நல்லது. 'சார்லட்ஸ் வெப்' அட்டையைப் பாத்தா பன்னிக்குட்டியும் சிலந்தியுமா அவ்ளோ இதமா இருக்கும், எல்லாரும் சின்னப் பிள்ளைங்களுக்கு கிஃப்டா வாங்கிக் குடுப்பாங்க. ஆனா கடைசியில அந்தச் சிலந்தி தனியா செத்துப் போகும். அருமையான புக், உங்க பையனுக்கு இப்போ வேணாம்.

நான் சொல்றது 1971ல வந்த 'மிசஸ் ஃப்ரிஸ்பி அண்ட் தி ராட்ஸ் ஆஃப் நிம்', ராபர்ட் ஓ'பிரையன் எழுதினது, அமெரிக்காவுல சிறுவர் புக்குக்குக் குடுக்குற நியூபெரி மெடல் வாங்குன நாவல். ஹீரோயின் ஒரு அம்மா எலி, புருஷன் கதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே செத்துப் போயாச்சு. பையனுக்கு நிமோனியா, அவனை வெளிய குளிர்ல கொண்டு போக முடியாது, ஆனா நிலத்தை உழ வர்றதுக்குள்ள வீட்டை மாத்தியாகணும். இதுக்கு யோசனை கேக்க அவ ஒரு காக்கா முதுகுல ஏறி ஆந்தை வீட்டுக்குப் போறா. எலியைத் திங்கிற ஆந்தை! அது முதல்ல பெருசா ஒண்ணும் உதவி பண்ற மாதிரி இல்ல, அப்புறம் அவ புருஷன் பேரைச் சொன்னதும் அதோட பேச்சே மாறிடுது. ஏன்னு உடனே சொல்ல மாட்டாங்க, அந்த ஒரு கேள்விக்காகவே பையன் அடுத்த சாப்டருக்கு ஓடுவான். முடிவுல கொஞ்சம் துக்கம் இருக்கு, அந்த இடத்துல மட்டும் நீங்களும் பக்கத்துல உக்காந்துக்கோங்க.

அடுத்து 'தி டேல் ஆஃப் டெஸ்பரோ', கேட் டிகாமிலோ, 2003. பெரிய காதும் குட்டி உடம்பும் இருக்குற ஒரு சுண்டெலி இளவரசி மேல ஆசைப்படுது. சாப்டர் எல்லாம் ரொம்ப குட்டி, எழுத்தாளர் நடுநடுவுல வாசகர்கிட்டயே பேசிக்கிட்டு போவாங்க. சாகுறது ராணி மாதிரி மனுஷங்கதான், ஹீரோ எலி இல்ல, அது உங்க பையனுக்கு ஓகேவான்னு அவனையே கேளுங்க. ஆனா அவங்க அப்பாவே அந்த எலியைத் தண்டனைக்கு விட்டுக்குடுக்குற இடம் ஒண்ணு இருக்கு, எனக்கு ராணி சாகுறதை விட அதுதான் உறுத்துச்சு.

கேள்வி: பொண்ணுக்கு பன்னெண்டு வயசாச்சு, இன்னும் பேசுற மிருகக் கதையே படிக்கிறா. வயசுக்கேத்ததா மாத்தணுமா?

பதில்: மாத்த வேணாம் சார். மிருகத்தை மாத்தாம கனத்தை மட்டும் கூட்டுங்க. ரிச்சர்ட் ஆடம்ஸோட 'வாட்டர்ஷிப் டவுன்' குடுத்துப் பாருங்க. கார்ல போகும்போது தன்னோட ரெண்டு பொண்ணுங்களுக்குச் சொன்ன கதையை அவர் எழுதி 1972ல புக்கா வந்துச்சு, பிரிட்டன்ல சிறுவர் புக்குக்குக் குடுக்குற கார்னகி மெடலும் வாங்குச்சு. குடியிருக்குற வளைக்கு ஆபத்துன்னு ஒரு முயலுக்கு மட்டும் முன்கூட்டியே தெரியுது, அதை நம்புன கொஞ்சம் பேர் கிளம்பிப் போறாங்க, அவ்ளோதான் கதை.

இதுல எனக்குப் பிடிச்சது, இந்த முயல்கள் முயலாவே இருக்கும், சட்டை போட்ட குட்டி மனுஷங்களா இருக்காது. நாலுக்கு மேல எண்ணத் தெரியாது. ஒரு பலகை தண்ணில மிதக்கும், அதுல சின்னதுங்களை ஏத்தி அக்கரைக்குத் தள்ளிடலாம்னு ஒண்ணுக்கு மட்டும் தோணுது, மத்ததுங்களுக்கு அது என்ன சொல்லுதுன்னே புரியல, கண்ணு முன்னாடி நடந்தப்புறமும் புரியல. அப்புறம் வழியில ஒரு வளை வரும், அங்க முயல் எல்லாம் கொழுகொழுன்னு இருக்கும், மனுஷனே தீனி போடுறான், ஆனா அங்க யாரும் "அவன் எங்க?"ன்னு கேக்கவே மாட்டாங்க. ஏன்னா சுத்தி கம்பிக் கண்ணி. பன்னெண்டு வயசுல இதைப் படிச்சா அது சும்மா முயல் கதை இல்லன்னு அவளுக்கே தெரிஞ்சிடும், நீங்க விளக்கம் எல்லாம் குடுக்காதீங்க. ரத்தம், சண்டை நிறைய உண்டு, முதல் கேள்வி கேட்ட அம்மா இதை வாங்கிடாதீங்க.

கேள்வி: ராத்திரி சத்தமா படிச்சுக் காட்ட ஏத்ததா ஒண்ணு?

பதில்: 'ரெட்வால்'. பிரையன் ஜேக்ஸ் லிவர்பூல்ல பால் டெலிவரி பண்ணிட்டு இருந்தப்போ பார்வையற்ற பிள்ளைங்க ஸ்கூல் ஒண்ணுக்குப் போவார், அவங்களுக்காக எழுதினது, 1986ல வந்துச்சு. கேக்குறவங்களுக்காகவே எழுதினதால வாசனை, சத்தம், ருசி எல்லாம் பக்கம் பக்கமா இருக்கும், விருந்து வந்துட்டா பிள்ளைங்களுக்குப் பசிக்கும், சாப்பாட்டுக்கு முன்னாடி படிக்காதீங்க. மடத்துல இருக்குற சுண்டெலி மத்தியாஸ், எதிர்ல ஒத்தைக் கண்ணு பெருச்சாளி க்ளூனி. மண்ணைத் தோண்டுற மோல்னு ஒரு பிராணி வரும், அது பேசுறதுக்கு நீங்க குரலை மாத்தணும், மாத்தலன்னா பிள்ளைங்க விடாது. ஒரு குறை சொல்லணும்னா, இதுல சுண்டெலின்னா நல்லது, பெருச்சாளின்னா கெட்டதுன்னு பிறப்புலயே முடிவாகிடுது. பிள்ளை "ஒரு நல்ல பெருச்சாளி கூட இல்லையா?"ன்னு கேட்டா மிசஸ் ஃப்ரிஸ்பியை எடுத்து நீட்டுங்க, அங்க பெருச்சாளிங்கதான் படிச்சவங்க.

கேள்வி: பெருமாள்முருகனோட 'பூனாச்சி' ஆட்டுக்குட்டி கதைதானே, எட்டு வயசுக்குக் குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்க. அது பெரியவங்களுக்கான நாவல். நீங்க படிங்க.

கேள்வி: எனக்கு பதிமூணு வயசு. பூனைங்க கூட்டம் கூட்டமா சண்டை போடுற 'வாரியர்ஸ்' படிக்க ஆசை, ஆனா கடையில எக்கச்சக்கமா இருக்கு, எதுல ஆரம்பிக்கிறது? வௌவால் புக் ஏதாவது இருந்தாலும் சொல்லுங்க.

பதில்: 'இன்டூ தி வைல்ட்', 2003ல வந்தது, அதுதான் ஒண்ணாம் புக். வீட்டுப் பூனை ஒண்ணு காட்டுக்குள்ள போய் ஒரு கூட்டத்துல சேருது. எரின் ஹண்டர்னு அட்டையில இருக்குறது ஒரு ஆள் இல்ல, பல பேர் சேந்து எழுதுற புனைபெயர், அதான் புக் வந்துக்கிட்டே இருக்கு. முதல் ஆறு புக் ஒரு செட், அது வரைக்கும் போ, அலுத்துடுச்சுன்னா அங்கயே நிறுத்திக்கலாம், ஒண்ணும் குறையாது. பூனைங்க பேரு நிறைய வரும், குழம்புனா முன்பக்கத்துல லிஸ்ட் இருக்கு, பாத்துக்கோ.

வௌவாலுக்கு கென்னத் ஆப்பலோட 'சில்வர்விங்', 1997. கூட்டத்துலயே குட்டியா இருக்குற ஷேட் சூரியனைப் பாக்கக்கூடாதுங்கற சட்டத்தை மீறி பாத்துடுறான், அப்புறம் புயல்ல கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சு போறான். போக வேண்டிய வழியை அவங்க அம்மா சத்தங்களாலயே அவன் மண்டைக்குள்ள பாடி வச்சிருப்பாங்க, எதிரொலியை வச்சே படம் பாக்குற மாதிரி. கோத்னு ஒரு பெரிய வௌவால் வருவான், வௌவாலையே திங்கிறவன். ரெண்டுல ஒண்ணைத்தான் இப்போ வாங்க முடியும்னா இதை வாங்கு, பூனை செட்டை லைப்ரரில கேட்டுப் பாரு.