குறிப்புகள்: ஒரே ஃபைலா, பல ஃபைலா?

கேள்வி (மன்னார்குடி): நடவுக் கூலி, உரம், பம்புசெட் ரிப்பேர், மொய் எல்லாத்தையும் போன்ல ஒரே டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதுறேன். மூணு வருஷமாச்சு. பெருசானா கெட்டுப்போயிடுமா ஐயா?

பதில்: கெடாது. யூனிகோடை வழக்கமாகச் சேமிக்கும் UTF-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘நெல்’ என்றால் ந, கொம்பு, ல, புள்ளி என 4 குறி, 12 பைட். தினம் 5 வரி, வரிக்கு 50 குறி என்று வைத்தாலும் நாளைக்கு 750 பைட். வருஷத்துக்குக் கால் எம்பியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வெறும் டெக்ஸ்ட் ஃபைலில் படம் ஒட்ட முடியாது; குறிப்புச் செயலியில் ரசீதுப் படங்களை ஒட்டினால்தான் கனக்கும். படங்களைத் தனி ஃபோல்டரில் போட்டு, படத்தின் பெயரை மட்டும் குறிப்பில் எழுதுங்க.

பிரித்தே ஆகணும்னா ஜனவரியில் பிரிக்காதீங்க. சம்பா ஆகஸ்ட் வாக்கில் விதைத்து பொங்கலை ஒட்டி அறுப்பது. டிசம்பர் 31-ல் வெட்டினால் விதைச் செலவு ஒரு ஃபைலிலும் நெல் விற்ற பணம் இன்னொன்றிலும் கிடக்கும். லாபமா நட்டமா என்று பார்க்கவே முடியாது. ஜூலை 1-ல் தொடங்கும் பசலி, அதாவது நிலவரிக் கணக்கு ஆண்டுதான் நமக்குத் தோது. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து குறுவைக்கு நாற்று விட்டிருந்தால், அந்த இருபது நாள் வரிகளைப் புது ஃபைலின் தலையில் சேர்த்துடுங்க.

கேள்வி (ஆடுதுறை): என்கிட்ட விதை, ஆள், டிராக்டர்னு 40 ஃபைல் இருக்கு. எதுல எழுதினேன்னே தெரியல.

பதில்: தலைப்பு வாரியாகப் பிரித்ததுதான் சிக்கல். ‘பக்கத்து வயல்காரர் டிராக்டரில் 3 மா உழவு, பாதிப் பணம் பாக்கி’ என்ற வரி டிராக்டருக்கா, கடனுக்கா, வயலுக்கா? எழுதும்போது ஒன்றில் போடுவீங்க, தேடும்போது வேறொன்றைத் திறப்பீங்க. முதலில் ஃபோல்டர் முழுவதையும் நகல் எடுங்க. பிறகு ஒரு புது ஃபைலில், பழைய ஃபைலின் பெயரை ஒரு வரியில் எழுதி, அதன் கீழே உள்ளதை அப்படியே ஒட்டுங்க. பழசைத் தேதிப்படி அடுக்க உட்கார்ந்தால் நாலாம் நாள் அலுத்து விட்டுவிடுவீங்க, வேண்டாம். இனி எழுதுவதற்கு மட்டும் 2025-01-18 என்று வருஷம் முன்னால் வரட்டும். 18-1-25 என்று எழுதினால் கம்ப்யூட்டர் வரிசைப்படுத்தும்போது 18-ஆம் தேதிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி (சீர்காழி): ‘கொள்முதல்’னு தேடினா 2 இடம் காட்டுது. கண்ணால எண்ணினா 7 இருக்கே?

பதில்: ‘ொ’ என்பதை ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் பதியலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் பல எடிட்டர்கள் இரண்டையும் வேறு சொல்லாக எடுத்துக்கொள்ளும். காட்டாத வரியிலிருந்து அந்தச் சொல்லை நகலெடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்டி, நீங்க இப்போது தட்டும் சொல்லால் மொத்தமாக மாற்றுங்க. ‘ோ’, ‘ௌ’ வரும் சொற்களுக்கும் இதே கதைதான். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய வரிகள் இருந்தால் அவை உள்ளே ஆங்கில எழுத்துகள். யூனிகோடுக்கு மாற்றாமல் தேடல் எதையும் பிடிக்காது.

இதைவிட அதிகம் படுத்துவது, ஒரே பொருளுக்கு ஒரு நாள் மோட்டார், ஒரு நாள் பம்புசெட் என்று எழுதுவது. ஃபைலின் உச்சியில் பத்து வரி சொற்பட்டியல் வைத்து, அதன்படியே எழுதுங்க.

கேள்வி (கும்பகோணம்): பேங்க் பாஸ்வேர்டும் அதிலேயே இருக்கலாமா?

பதில்: கூடாது. டெக்ஸ்ட் ஃபைலில் பூட்டு இல்லை. பாஸ்வேர்டுக்கென்று உள்ள செயலியில் வையுங்க. தம்பிக்கு அனுப்ப வேண்டிய பங்குக் கணக்கும் தனி ஃபைல்தான். அவருக்கு அனுப்பும்போது உங்க வீட்டு விஷயமும் கூடவே போகக்கூடாது.

கேள்வி (திருவையாறு): போன்லயும் கம்ப்யூட்டர்லயும் எழுதுறேன் சார். ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் வந்து நிக்குது.

பதில்: வயலில் சிக்னல் இல்லாமல் போனில் எழுதியிருப்பீங்க, அதற்குள் வீட்டில் கம்ப்யூட்டரில் அதே ஃபைல் மாறியிருக்கும். ஒத்திசைவு (இரண்டு கருவியிலும் ஃபைலை ஒன்றாக்கும் சிங்க்) எதை வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் வைத்துவிடும். ஒரே பெரிய ஃபைலில் இது அடிக்கடி வரும், ஏனென்றால் எதை எழுதினாலும் தொடுவது அதைத்தான். போனுக்கென்று ‘வரவு’ என்று ஒரு சின்ன ஃபைல் வையுங்க. போனில் அதில் மட்டும் எழுதுங்க, பெரியதைப் படிக்க மட்டும் திறங்க. ராத்திரி இரண்டும் ஒத்திசைந்த பிறகு, கம்ப்யூட்டரில் ‘வரவு’ வரிகளை வெட்டிப் பெரிய ஃபைலின் அடியில் ஒட்டுங்க. இப்போது நிற்கும் இரண்டில் எதையும் அழிக்காதீங்க. கடைசி இருபது முப்பது வரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, விடுபட்டதைச் சேர்த்த பிறகு அழிக்கலாம்.