சாண்டோரினியைக் கூட்டத்தில் சிக்காமல் சுற்றிப் பார்க்க முடியுமா?

நிச்சயமாக முடியும். கூட்டத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது, பேசாமல் வேறு கிரேக்கத் தீவுக்குப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஏப்ரல் கடைசி, மே, அக்டோபர் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பள்ளி விடுமுறை, அலுவலக விடுப்பு என்று ஜூலை, ஆகஸ்டில்தான் போக முடியுமென்றால், தங்கும் ஊரையும் சுற்றும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அங்கே கூட்டம் எப்படிச் சேர்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் நடுப்பகுதி சரிந்து, அதற்குள் கடல் புகுந்துவிட்டது. மிச்சமிருக்கும் பிறை வடிவத் தீவின் மேற்கு விளிம்பு செங்குத்தான பாறை. படங்களில் பார்க்கும் வெள்ளை வீடுகள் எல்லாம் ஃபிரா, இமரோவிக்லி, ஈயா என்று இந்த விளிம்பில்தான் இருக்கின்றன. உல்லாசக் கப்பல்கள் உள்கடலில் நங்கூரமிட, பயணிகள் படகில் வந்து ஃபிராவின் பழைய துறைமுகத்தில் இறங்கி, கேபிள் காரிலோ 588 படிகளிலோ மேலே ஏறுகிறார்கள். சுமார் 15,000 பேர் வாழும் தீவு அது. கப்பலில் வருவோருக்கு நாளொன்றுக்கு 8,000 பேர் என்ற வரம்பை 2025இல் கொண்டுவந்தார்கள். வரம்பே அவ்வளவு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் எத்தனை கப்பல் வருகிறது என்ற அட்டவணை முன்கூட்டியே இணையத்தில் கிடைக்கிறது. விமான டிக்கெட் போடும் முன் அதைப் பாருங்கள்.

தங்குவதற்கு என் தேர்வு, விளிம்பைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் பிர்கோஸ் கிராமம். மெகலோஹோரியும் எம்போரியோவும்கூட நன்றாக இருக்கும். விளிம்பு ஊர்களைவிட வாடகை குறைவு; மாலையில் சதுக்கத்தில் உட்கார்ந்தால் சுற்றிலும் கிரேக்க மொழி காதில் விழும். பஸ்கள் எல்லாம் ஃபிரா வழியாகத்தான் போகும், வரும். அங்கே மாறி ஏற நிற்பதே அலுப்பு. குடும்பமாகப் போனால் கார் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

ஈயாவுக்கு விடியற்காலையில் போங்கள். அந்த நேரத்தில் ஒருவர் மட்டுமே நடக்கக்கூடிய சந்துகளில், விடுதிகளின் சலவைத் துணி மூட்டையைத் தோளில் சுமந்தபடி ஆட்கள் படியிறங்குவார்கள். வண்டி போக முடியாத படிக்கட்டு ஊர் அது. சிமெண்ட் மூட்டை ஏற்றிய கோவேறு கழுதைக்காகச் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டேன். மாலைப் பொன்னொளி படத்தில் கிடைக்காதுதான். ஆனால் மக்கள் வாழும் ஊரைப் பார்த்த நிறைவு கிடைக்கும். ஒன்பது மணிக்கு மேல் அங்கே நிற்காமல் விளிம்புப் பாதையில் ஃபிராவை நோக்கி நடக்கத் தொடங்குங்கள். சுமார் 10 கிலோமீட்டர், மூன்று நான்கு மணி நேரம். பலரும் சூரிய அஸ்தமனத்தைக் குறிவைத்து எதிர்த்திசையில் நடப்பார்கள். வழியில் நிழல் கிடையாது, தண்ணீர் அவசியம்.

அஸ்தமனத்துக்கு ஈயாவின் இடிந்த கோட்டை வேண்டவே வேண்டாம். வெகுநேரம் முன்பே இடம் பிடித்துவிடுவார்கள். பின்னால் நிற்பவருக்கு முன்னால் இருப்பவரின் கைப்பேசிதான் தெரியும். நல்ல கோணம் வேண்டுமென்று வீட்டுக் கூரைகளிலும் தேவாலயக் குவிமாடங்களிலும் ஏறுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். அந்தக் கூரைக்குக் கீழே ஒரு குடும்பம் இருக்கிறது. பிர்கோஸின் பழைய கோட்டை மேட்டில் நின்றால் தீவு முழுவதும் காலடியில் விரியும், சூரியனும் அதே சூரியன்தான்.

எல்லோரும் காரில் கடந்துபோகும் திராட்சைத் தோட்டங்களை மட்டும் தவறவிடாதீர்கள். பந்தல் கிடையாது. கொடியை வளைத்து வளைத்துக் கூடையாக முடைந்து தரையிலேயே விட்டிருப்பார்கள். ஒரு தோட்டத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். வெளியே காற்று மணலை வாரி இறைக்க, கூடைக்குள்ளே குலைகள் தூசு படாமல் தொங்கின. மழை குறைவான மண்ணில், கடல் மூட்டத்தின் ஈரத்தை எரிமலை நுரைக்கல் பிடித்துவைத்து வேருக்குத் தருகிறது. அசிர்டிகோ என்ற வெள்ளைத் திராட்சை இப்படித்தான் விளைகிறது. சைவர்களுக்கும் கவலை இல்லை. ஃபாவா என்ற மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் சேர்த்துத் தருவார்கள். நம் பருப்புக் கடைசலுக்குத் தம்பி என்றே சொல்லலாம். தக்காளிப் பொரியுருண்டையும் கேட்டு வாங்குங்கள்.

அக்ரோதிரி அகழாய்வு இடத்துக்குக் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். அதே எரிமலைச் சாம்பல் மூடிய வெண்கலக் கால நகரம். மாடி வீடுகள், கழிவுநீர்க் கால்வாய், தானியச் சாடிகள் எல்லாம் கூரைக்கடியில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. மனித எலும்புகள் கிடைக்காததால், மக்கள் முன்னதாகவே வெளியேறியிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஒரு நாள் மிச்சமிருந்தால், எதிரே இருக்கும் தீராசியா தீவுக்குப் படகில் போங்கள். சுற்றுலாப் படகில் வருபவர்கள் பெரும்பாலும் கீழே துறையோரத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் படியேறி மனோலாஸ் கிராமத்துக்குப் போங்கள். அங்கிருந்து பார்த்தால் சாண்டோரினியின் விளிம்பு முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். திரும்பும் படகின் நேரத்தை மட்டும் ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வடக்குக் காற்று பலமாக வீசினால் அந்த நேரமும் மாறக்கூடும்.